வெட்டும் முன் அண்ணாந்து பாருங்கள்! கோட்டுச்சேரிமேட்டுக் கிளையில் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா?

புதுச்சேரியின் மாநிலப் பறவைக்குச் சொந்தமாக ஒரு கூடுகூடக் கிடையாது, தெரியுமா?

குயில்தான் அந்தப் பறவை. 2007-இல் அறிவித்தார்கள். அணில், நாகலிங்கப் பூ, வில்வ மரம் ஆகியவற்றோடு சேர்த்துக் குயிலுக்கும் அரசு அந்தஸ்து கிடைத்தது. அந்தஸ்து பெற்ற இந்தப் பறவை வாழ்நாளில் ஒரு சுள்ளி பொறுக்கியதில்லை! காகம் அலைந்து திரிந்து கட்டிய கூட்டில், காகம் முதல் முட்டையிட்ட ஒன்றரை நாளுக்குள் தன் முட்டையையும் போட்டுவிட்டுப் பறந்துவிடும். 12 முதல் 14 நாளில் குயில்குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்துவிடுகிறது. காக்கைக் குஞ்சு வருவதற்கு அதற்குமேல் மூன்று நாள் பிடிக்கும். முந்தியவனுக்குத்தானே முதல் இரை! இதைவிடப் பெரிய வேடிக்கை, குயில்குஞ்சு முதலில் கத்துவது காக்கைக் குஞ்சு மாதிரியே. குரலைக்கூட இரவல் வாங்குகிற பறவை!

இப்போது காரைக்காலுக்கு வடக்கே கடலை ஒட்டிய மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டுக்கு வாருங்கள். ஒரு வீட்டு வாசலில் பூவரச மரம். மின்கம்பியை உரசுகிற கிளையில், முள்ளும் துருப்பிடித்த இரும்புக் கம்பியும் கலந்த காக்கைக் கூடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயில். பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திவிட்டு, ஏணியும் துறட்டியுமாக ஆள் வருகிறார். கிளை கீழே விழுகிறது. "காக்கா கூடுதானே" என்று காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறார். அந்தக் கூட்டுக்குள் மாநிலப் பறவையின் வாரிசு இருந்திருக்கலாம்!

சரி, வெறும் காக்கைக் கூடாகவே இருக்கட்டும். அதைக் கலைக்கலாமா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. அங்கே அதற்குத் துணை யார் தெரியுமா? எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால்! தொல்லை தரும் பிராணிகளின் பட்டியல் அது. பாதுகாப்பு எதுவும் கிடையாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். காகம் இரண்டாம் அட்டவணைக்கு ஏறி, பாதுகாக்கப்பட்ட பறவையாகிவிட்டது! ஐம்பது ஆண்டாகச் சட்டம் எலியோடு சேர்த்துவைத்திருந்த அதே காகம்தான், இதே காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாற்றில் சனீஸ்வர பகவானைத் தங்க வாகனமாகச் சுமந்து வீதியுலா வருகிறது. திருநள்ளாறு எப்போதோ கொடுத்த பதவியை டெல்லி 2023-இல்தான் கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை.

வேட்டை என்றால் துப்பாக்கியும் கண்ணியும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதே சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தைப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டை. முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை! அரிவாளும் மரம் அறுக்கும் மெஷினும் வேட்டைக் கருவியாகிவிடுவதற்கு ஒரு கூடு போதும்.

அப்படியானால் பறவை கூடு கட்டாத மாதமாகப் பார்த்து வெட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஐரோப்பாவில் அப்படித்தான் செய்கிறார்கள். அயர்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை உயிர்வேலிகளை வெட்டச் சட்டப்படி தடை. ஜெர்மனியில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலிச்செடிகளையும் புதர்களையும் ஒட்ட வெட்டக் கூடாது; மேலோட்டமாகக் கத்தரிக்க மட்டும் அனுமதி. இங்கிலாந்தில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பறவை கட்டிக்கொண்டிருக்கிற அல்லது குடியிருக்கிற கூட்டைத் தெரிந்தே அழித்தால் குற்றம். அங்கே மரம் வெட்டுகிறவர்கள் மார்ச் பிறந்தாலே கத்தியை உறையில் போட்டுவிடுவது வழக்கம். குளிர் முடிந்து வசந்தம் வந்தால் கூடு, இலை உதிரத் தொடங்கினால் ஓய்வு. ஒழுங்கான காலண்டர்!

நம் டெல்டாக் கரையில் அந்தக் காலண்டர் செல்லாது. கொஞ்சம் மாதக் கணக்குப் பார்ப்போமா?

மார்கழியில் செம்பருந்து கூடு கட்டத் தொடங்கும். வலை வந்து இறங்கும் நேரத்தில் கரைக்கு மேலே வட்டமிடுமே, பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அதே கருடன். ஏப்ரல் வரை அதன் காலம். மாசி, பங்குனியில் பச்சைக்கிளியும் குக்குறுவானும் பொந்துக்குள். பங்குனியிலிருந்து பனங்காடை, ஆட்காட்டி, காகம், காகத்தின் பின்னாலேயே குயில். ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் தையல்சிட்டுக்கு உச்சம். ஐப்பசியில் மழை பிடித்ததும் இந்தப் பக்கத்து ஏரிகளில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமாகக் கூடு போடும். திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரத்துக்கு அந்த மாதங்களில் போனால் மரமே தெரியாது, நத்தைகுத்தி நாரைதான் தெரியும்! இவை போக, பனை உழவாரனும் தேன்சிட்டும் புள்ளிப்புறாவும் ஆண்டு முழுக்க. பன்னிரண்டு மாதத்தில் காலி மாதம் ஒன்றுகூட இல்லை!

இன்னொரு ஊர்க் காலண்டரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம், மலப்புரம் வரை போனால் போதும். 2022 செப்டம்பர் தொடக்கத்தில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்துகிறோம் என்று திரூரங்காடி அருகே ஒரு பெரிய மரத்தை மண்வாரி இயந்திரத்தால் தள்ளிச் சாய்த்தார்கள். கிளை கிளையாகக் கூடுகள் இருந்தன. மரம் சாலையில் மோதிய வேகத்தில் டஜன் கணக்கில் குஞ்சுகள் செத்து விழுந்தன. யாரோ எடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவ, வனத்துறை வழக்குப் போட்டது. இயந்திரத்தை ஓட்டியவர் கைதானார், இயந்திரம் பறிமுதலானது. தேதியைக் கவனித்தீர்களா? செப்டம்பர்! அயர்லாந்துக் காலண்டர்படி தடை முடிந்த மாதம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையை நம்பிக் கூடு கட்டிய பறவைகளுக்கோ அது குஞ்சு பறக்கப் பழகும் மாதம். அதே நீர்ப்பறவை நம் கரையில் வடகிழக்குப் பருவமழைக்குத்தான் கூடு கட்டும். ஒரு மலைத்தொடரைத் தாண்டியதற்கே கணக்கு இப்படித் தலைகீழாகிறது. ஐரோப்பாவில் எழுதிய விதியை இங்கே ஒட்டவைத்தால் எப்படி ஒட்டும்?

அதற்காக மரத்தில் கையே வைக்காதே என்கிற கட்சியில் நான் இல்லை. இது புயல் கரை. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரை ஏறியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நுழைந்து லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. ஓட்டு வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் கிளையைக் "குருவி இருக்கிறது" என்று விட்டுவைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. எதை வெட்டுகிறோம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வெட்டினால், முக்கால்வாசிக் கூடுகளைக் கலைக்க வேண்டிய அவசியமே வராது. தெரிந்துகொள்வது அத்தனை சுலபமா என்றால், அங்கேதான் ஆச்சரியமே தொடங்குகிறது!

எச்சிலால் ஒட்டிய தொட்டில்!

பனை மரத்தில் காய்ந்து தொங்கும் காவோலையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கிறது, காற்றடித்தால் சடசடக்கிறது, தீப்பிடிக்கும் என்ற பயம் வேறு. "கழிச்சு விடுப்பா" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஓலையின் உள்பக்க மடிப்பில் உள்ளங்கைகூட நிறையாத ஒரு கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். பனை உழவாரனின் கூடு. இறகையும் பஞ்சையும் பறக்கும்போதே காற்றில் பிடித்து, தன் எச்சிலையே பசையாக்கி ஓலையில் ஒட்டுகிறது. அதோடு விட்டதா? இட்ட முட்டைகளையும் எச்சில் போட்டு ஒட்டிவைக்கிறது! கடல்காற்றில் ஓலை எப்படிப் புரண்டு ஆடினாலும் முட்டை உருளாது. தரையிலிருந்து எத்தனை நேரம் பார்த்தாலும் கூடு கண்ணில் படாது. அந்தி நேரத்தில் ஒல்லியான, வில் போல வளைந்த சிறகுள்ள சின்னப் பறவைகள் பனங்கொண்டையைச் சுற்றிச் சுற்றி வந்து ஓலைக்குள் மறைகின்றனவா என்று பாருங்கள். மறைந்தால் குடும்பம் இருக்கிறது.

இந்தப் பறவையின் கால் மிகக் குட்டை. செங்குத்தான இடத்தில் தொற்றிக்கொள்ள மட்டும்தான் உதவும். தானாக மண்ணில் இறங்குவதே இல்லை, தின்பதும் பறந்தபடியே. வானத்திலேயே வாழ்கிற ஜீவனுக்குப் பூமியோடு இருக்கும் ஒரே ஒட்டு அந்தக் காவோலைதான். அதைத்தான் நாம் குப்பை என்கிறோம்! ஆண்டு முழுக்க இது கூடு கட்டும் என்பதால் எந்த மாதத்தில் கழித்தாலும் ஆபத்துதான். பனையேறிகள் சிலர் எல்லா ஓலையையும் ஒரே நாளில் கழிக்காமல், பச்சைக்குக் கீழே ஒரு சுற்றுக் காவோலையை விட்டுவைப்பார்கள். அது போதும்.

பனையையே வெட்டுவதானால் கணக்கு வேறு. எல்லை தாண்டித் தரங்கம்பாடிப் பக்கம் போய்விட்டால், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது. கொண்டை போன மொட்டைப் பனை? "எதுக்கும் உதவாது" என்று முதலில் சாய்ப்பது அதைத்தான். அந்த மொட்டையில்தான் கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை எல்லாம் அடுக்கடுக்காகக் குடியிருக்கும். உயிரோடு இருக்கும் பனையைவிடச் செத்த பனையில் வாடகைதாரர் அதிகம்!

கூட்டைப் பார்த்தே உள்ளே ஆள் உண்டா என்று சொல்லிவிடலாம், தெரியுமா?

தூக்கணாங்குருவிக் கூட்டில் சொல்லிவிடலாம். ஆண் குருவிதான் கொத்தனார். நெல் தாளையும் ஓலைக் கீற்றையும் 20 முதல் 60 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவரும். ஒரு கூட்டை முடிக்க 500 தடவை வரை போய்வரும்! ஏறத்தாழ 18 நாள் வேலை. பாதி நாளில் கூடு தலைக்கவசம் கவிழ்த்த மாதிரி நிற்கும். அந்தக் கட்டத்தில் ஆண் குருவி கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூப்பாடு போட, பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை. பிடிக்காவிட்டால் கூடு அரைகுறையாகவே தொங்கும். ஆக, கிணற்றுமேட்டுத் தென்னையில் மட்டை கழிக்கப் போகிறீர்கள் என்றால் கூட்டின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். நீளக் குழாய் முடிந்திருந்தால் பெண் சம்மதம் சொல்லியாயிற்று, உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கும். குழாய் இல்லாத கூடு, இன்னும் பெண் பார்க்கும் படலத்தில் இருக்கிறது அல்லது அந்தப் படலத்திலேயே தோற்றுவிட்டது.

ஒரு பெண்ணோடு முடிந்ததும் ஆண் குருவி என்ன செய்கிறது? பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணைத் தேடுகிறது! இந்த ரகசியத்தை மும்பைக்குத் தெற்கே கிஹிம் கடற்கரையில் 1930-இல் உட்கார்ந்து பார்த்து எழுதியவர் சலீம் அலி. சீசன் முடிந்த பழைய கூடும் வீணாவதில்லை. சில்லைகள் வந்து குடியேறிவிடும். "பழசுதானே" என்று பிய்த்துக்கொண்டு போய் வரவேற்பறையில் தொங்கவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தையல்சிட்டு இன்னும் மோசமான இடத்தில் கட்டும். மோசம் என்றால் அதற்கு. நம் வேலிச்செடியில், இடுப்புயரத்தில், கத்தரிக்கோல் நேராகப் போகிற இடத்தில்! உயிரோடிருக்கும் இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து, இலையைச் சுருட்டித் தைத்து, அதற்குள் மூன்று முட்டை. இலை வாடாது, நிறம் மாறாது. அடைகாக்க 12 நாள், குஞ்சு பறக்க 14 நாள். நாலே வாரம்! ஒரு மாதம் வேலி கொஞ்சம் பரட்டையாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? (கேட்பார்கள். அப்போது குருவியைக் காட்டுங்கள்.)

குக்குறுவானுக்குப் பச்சை மரம் ஆகாது, பட்டுப்போன கிளைதான் வேண்டும். கிளையின் மேல்பக்கம் துளைத்தால் மழை இறங்கும் என்று அடிப்பக்கமாகப் பார்த்துத் துளைக்கிற புத்தி அதற்கு. பட்ட கிளையை அறுக்குமுன் கீழே நின்று ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்ட ஓட்டை தெரிகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகுமா?

மரமே இல்லாத இடத்தில் கூடு!

பள்ளிக்கூட மைதானத்தை எப்போது சுத்தம் செய்கிறோம்? கோடை விடுமுறையில். ஜூனில் பிள்ளைகள் வருவதற்குள் புல்லைச் செதுக்கி, மேடு பள்ளம் நிரவி, ரோலர் விட்டு முடித்துவிட வேண்டும். ஆட்காட்டி முட்டையிடுவது எப்போது? மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. எங்கே? அதே மைதானத்தில், வெறும் தரையில்! சுள்ளி கிடையாது, பஞ்சு கிடையாது. நாலு கூழாங்கல்லுக்கு நடுவே கூழாங்கல் நிறத்திலேயே நாலு முட்டை. இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. தலைக்குமேல் ஒரு பறவை கூச்சலிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பாய்ந்தால் புல் வெட்டும் மெஷினை நிறுத்துங்கள். உங்கள் காலடிக்கு அருகில்தான் இருக்கிறது.

சித்திரை வெயிலில் திறந்த மண்ணில் முட்டை வெந்துவிடாதா என்று கேட்பீர்கள். தாய் போய்க் குளத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈர இறகோடு முட்டைமேல் உட்காரும்! அடைகாக்க 28 முதல் 30 நாள். குஞ்சு பொரிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து ஓடிவிடும். கூட்டில் வைத்து வளர்க்கிற வேலை இல்லை. எனவே முட்டையைச் சுற்றி நாலைந்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, அந்தத் துண்டை மட்டும் ஒரு மாதம் விட்டால் காரியம் முடிந்தது. ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் ஆட்காட்டி மேட்டில் முட்டையிட்டால் அந்த வருஷம் நல்ல மழை என்று நம்புகிறார்கள். வானிலை இலாகாவுக்குப் போட்டி! நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கடற்கரை மணலும் காலி மனை என்று எண்ண வேண்டாம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் ஒரு சின்னஞ்சிறு உப்புக்கொத்தியை 2023-இல் விஞ்ஞானிகள் தனி இனம் என்று பிரித்தார்கள். வைத்த பெயர் என்ன தெரியுமா? அனுமன்! இலங்கைக்கும் நமக்கும் இடையே அது வாழும் கடலோரத்தைப் பார்த்து வைத்த பெயர். எடையோ சிட்டுக்குருவி எடைதான். வெறும் மணலைச் சற்றே குழித்து முட்டையிடுகிற சாதி அது. கடற்கரையைச் சுத்தப்படுத்துகிறேன் என்று மணலை வாரி வழித்தெடுக்கும் வண்டிக்கு அந்தக் குழியும் பிளாஸ்டிக் பாட்டிலும் ஒன்றுதான்.

நீங்கள் பார்ப்பது அதற்குத் தெரியும்!

இந்தப் பறவைகளிலேயே என்னை மிகவும் திகைக்கவைத்தது பஞ்சுருட்டான்தான். மின்கம்பியில் உட்கார்ந்து தும்பியைப் பிடித்து அடித்துத் தின்னும் பச்சைப் பறவை. இது வாய்க்கால் கரை, மணல் மேடு என்று செங்குத்தான இடமாகப் பார்த்து, ஐந்தடி வரைகூட நீளமான சுரங்கம் தோண்டி, அதன் கடைசியில் வெறும் மண்ணில் முட்டையிடும். மார்ச் முதல் ஜூன் வரை.

இந்திய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சுரங்க வாசல் கண்ணில் படும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். பறவை இரையை அலகில் வைத்துக்கொண்டு காத்திருந்தது, உள்ளே போகத் தயங்கியது. அதே தூரத்தில், ஆனால் வாசல் கண்ணில் படாத இடத்தில் ஆளை நிறுத்தினார்கள். சர்ரென்று உள்ளே போய்விட்டது! ஆள் இருப்பதைப் பார்த்துப் பயந்தது என்றால் இரண்டு இடத்திலும் பயந்திருக்க வேண்டும். அந்த ஆளின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று பறவை கணக்குப் போடுகிறது! சுமார் இருபது கிராமே எடையுள்ள பறவை!

இனி இதை டெல்டாவோடு பொருத்திப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது மரபு. அதற்குள் ஆறு, வாய்க்கால் எல்லாம் தூர்வார வேண்டும். காரைக்கால் கடைமடை, தூர்வாராவிட்டால் தண்ணீர் இங்கே எட்டிப்பார்க்காது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் பொக்லைன் இறங்குகிறது. பஞ்சுருட்டான் சுரங்கத்துக்குள் குஞ்சு வைத்திருக்கும் அதே வாரங்கள்! மீன்கொத்திக்கும் அதே கரைதான் வேண்டும். அடிமட்டத்தில் வண்டல் எடுப்பதில் பறவைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கரையை அழகாகச் சாய்த்து வழித்துவிடுகிறார்களே, அங்கேதான் போகிறது. ஓட்டைகள் உள்ள செங்குத்துத் துண்டை மட்டும் விட்டுவிட்டு அடியில் வாரினால் தண்ணீரும் வரும், குஞ்சும் பிழைக்கும். இதற்குத் தனி நிதி ஒதுக்க வேண்டாம்; பொக்லைன் ஓட்டுகிறவரிடம் காலையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொன்னால் கேட்பார்களா? கேட்டிருக்கிறார்கள்! சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-இல் தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைப் போட்டால் குருவிக்கு ஆபத்து. ஊரே கூடிப் பேசி, குஞ்சு பறக்கும்வரை ஏறத்தாழ 40 நாள் தெருவிளக்கைப் போடவே இல்லை. ஒன்றிரண்டு விளக்கு இல்லை, 35 விளக்கு! அதே மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கர்நாடகத்தில் மத்தூர் அருகே கொக்கரே பெள்ளூரில் கதையே வேறு. ஊருக்கு நடுவே வீட்டுப் புளியமரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். புளி உலுக்கும் பருவமும் அதுதான். உலுக்கினால் குஞ்சு விழும். அதனால் மரத்துக்காரருக்கு உண்டாகும் நஷ்டத்துக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுக்கிறது! பறவைக்குப் புளியமரத்தை வாடகைக்கு எடுத்துக்கொடுத்த அரசாங்கம். இந்த யோசனை நம் பக்கம் ஏன் இன்னும் பரவவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கிறுக்குத்தனமும் உலகத்தில் உண்டு. 2019 வசந்தத்தில் இங்கிலாந்தில் கட்டட நிறுவனங்கள் மரங்களுக்கும் வேலிகளுக்கும் வலை போட்டு மூடின. கூடு இருந்தால் வெட்ட முடியாது, ஆகவே கூடே கட்டவிடாமல் செய்துவிடு! 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றிக் குருவியைக் கைவிடுவது எப்படி என்று பாடம் எடுத்த மாதிரி இருந்தது.

கோட்டுச்சேரிமேட்டில் ஒருவர் தன் வீட்டு மரத்தைப் புயலுக்கு முன் கழித்தாக வேண்டும் என்றால் எப்போது செய்வது? என்னைக் கேட்டால் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். நிலத்துப் பறவைகளில் பெரும்பாலானவை முடித்திருக்கும், வடகிழக்கு மழை இன்னும் பிடித்திருக்காது, நீர்ப்பறவைகள் மரம் ஏறியிருக்காது. அப்போதும் தேன்சிட்டும் புறாவும் இருக்கும் என்பதால், முந்தின நாள் காலையில் கால் மணி நேரம் மரத்தடியிலிருந்து தள்ளி நின்று பார்க்க வேண்டும். அலகில் புல்லோடு ஒரு பறவை போனால் கூடு கட்டுகிறது. புழுவோடு போனால் குஞ்சு இருக்கிறது. ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்பப் போனால் அந்தக் கிளையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு பறவைக்கு நாலைந்து வாரம் பொறுத்தால் போதும். பொறுக்க முடியாத ஆபத்தான கிளை என்றால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. மரமேறியிடம் "கூடு இருந்தா குரல் குடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். அவருக்குத்தான் மேலே எல்லாம் தெரியும். யாரும் கேட்பதில்லை என்பதால் சொல்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும் கூடு விழுந்துவிட்டால்? மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருப்போம். அது வெறும் கதை! தாராளமாக எடுக்கலாம். இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால், அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியிலோ சின்னக் கூடையிலோ காய்ந்த புல் பரப்பி, குஞ்சை வைத்து, பழைய கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்துக் கிளையில் நிழலாகக் கட்டிவிடுங்கள். தண்ணீரும் பாலும் புகட்ட வேண்டாம். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிற குஞ்சாக இருந்தால் பூனைக்கு எட்டாத செடியில் விட்டுவிட்டாலே போதும், பறக்கப் பழகுகிறது. தாய் பெரும்பாலும் அதே இடத்தைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கும். கட்டிய கையோடு நீங்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கிட்டவே நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தால் அது வராது.